ஹார்டு லென்ஸா, சாஃப்ட் லென்ஸா?

போன மாதம் சித்தப்பா பெண் போன் செய்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அண்ணா, இந்தக் கண்ணாடிய தூக்கிப் போடப் போறேன். லென்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். ஹார்டா, சாஃப்டா? நீதான் வருஷக்கணக்கா போடுறியே, சொல்லு."

நான் ஏதோ வேலையில் இருந்தேன். "சாஃப்ட் வாங்கிக்கோம்மா, அதான் வசதி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே ஒற்றை வரிப் பதில்தான் கிடைத்தது. அதை நம்பி நாலு வருடம் ஓட்டினேன். அந்த நாலு வருடத்தில் என் இடது கண் இழந்தது திரும்பி வரவில்லை. அதனால் அன்று இரவே அவளுக்கு ஒரு நீளமான மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். அது வளர்ந்து வளர்ந்து இந்தக் குறிப்பாகிவிட்டது. நான் கண் மருத்துவர் இல்லை. லென்ஸ் போடுகிறவன், மாட்டிக்கொண்ட பிறகு படித்துத் தெரிந்துகொண்டவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: "எது வசதி?" என்பது இரண்டாவது கேள்வி. "என் கார்னியாவின் வடிவம் என்ன?" என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதுக்குப் போனால் என் கதைதான்.

என் நாலு வருடம்

பத்தொன்பது வயதில் முதல் சாஃப்ட் லென்ஸ் வாங்கினேன். அப்போது இடது கண்ணில் சிலிண்டர் பவர் 1.25. ஆப்டிகல் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் செய்தார்கள், பவர் சீட்டு வந்தது, அதற்கேற்ற லென்ஸ் வந்தது. முதல் நாளே கண்ணில் ஏதோ இருப்பதே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வருடம் சிலிண்டர் 2.00. அதற்கடுத்து 3.25. ஒவ்வொரு முறையும் புது பவர், புது லென்ஸ். ஒவ்வொரு முறையும் "இப்ப தெளிவா இருக்கா?" என்று கேட்பார்கள். "பரவாயில்ல" என்பேன். இரவில் திருச்சி காவிரிப் பாலத்தில் வண்டி ஓட்டும்போது ஒவ்வொரு தெருவிளக்குக்கும் கீழ்ப்பக்கமாக ஒரு வால் நீண்டு தெரியும். வலது கண்ணை மூடிவிட்டுப் பார்த்தால் ஒரு நிலா மூன்று நிலாவாகத் தெரியும். லென்ஸ் அழுக்காகிவிட்டது என்று நினைத்து சொல்யூஷனை மாற்றினேன்.

கடையில் யாரும் ஏமாற்றவில்லை. மிஷின் என்ன எண் கொடுத்ததோ அதற்கு லென்ஸ் கொடுத்தார்கள். அந்த எண் ஏன் மாறிக்கொண்டே போகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்து மூன்று வயதில் வேறு எதற்கோ கண் மருத்துவமனைக்குப் போனபோது அங்கே இருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் பழைய சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "சார், கார்னியல் டோபோகிராபி எப்பவாவது எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எடுத்ததே இல்லை. எடுத்தால் கெரட்டோகோனஸ். கார்னியா மெலிந்து கூம்பு போல முன்னால் பிதுங்கும் நோய்.

கார்னியா என்ன செய்கிறது

கண்ணின் கருப்பு வட்டத்துக்கு மேல் வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கிற ஒளி ஊடுருவும் படலம்தான் கார்னியா. பள்ளிக்கூடத்தில் விழிவெண்படலம் என்று படித்திருப்போம். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் கண் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேதான் நடக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

இதில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்குமே! அதனால் கார்னியா தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை நேரடியாகக் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலம் வழியாக எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது காற்று கிடைக்காது. இமையின் உட்புற ரத்தக்குழாய்களிலிருந்து வருவதை வைத்துச் சமாளிக்கிறது.

ஆக, கார்னியாவின் மேல் எதை வைத்தாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒளி எப்படி வளைகிறது? ஆக்சிஜன் எவ்வளவு போகிறது? கான்டாக்ட் லென்ஸின் வரலாறே இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த இழுபறிதான்.

கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

1888இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்ணாடியால் செய்த லென்ஸை மனிதக் கண்ணில் பொருத்திப் பார்த்து எழுதினார். கண்ணின் வெள்ளைப் பகுதி வரை மூடும் பெரிய லென்ஸ். சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1948இல் அமெரிக்காவில் கெவின் டூயி என்பவர் கார்னியாவை மட்டும் மூடுகிற சின்ன பிளாஸ்டிக் லென்ஸுக்குக் காப்புரிமை கேட்டார். பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். இதுதான் அசல் "ஹார்டு லென்ஸ்". பார்வை பிரமாதமாக இருந்தது. ஆனால் இந்த பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் கிட்டத்தட்ட போகவே போகாது. லென்ஸ் சிறியது, இமைக்கும்போது நகரும், அதன் அடியில் புதுக் கண்ணீர் வந்து போகும், அதை வைத்துத்தான் கார்னியா பிழைத்தது.

சாஃப்ட் லென்ஸின் கதை இன்னும் சுவாரசியம். செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லேயும் அவருடன் வேலை பார்த்த த்ராஹோஸ்லாவ் லீமும் தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒரு பிளாஸ்டிக்கை உருவாக்கினார்கள். அதில் லென்ஸ் வார்க்கும் வேலைக்கு மேலிடத்து ஆதரவு நின்றுபோனது. விக்டெர்லே விடவில்லை. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் உட்கார்ந்து, மெர்க்கூர் என்ற பிள்ளைகளின் பொம்மை கட்டுமான செட்டையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்துச் சுழலும் இயந்திரம் ஒன்றைச் செய்து, அதில் லென்ஸை வார்த்துக் காட்டினார். பத்து வருடம் கழித்து, 1971இல், பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் சாஃப்ட் லென்ஸுக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்று உலகில் விற்கும் லென்ஸ்களில் பெரும்பாலானவை சாஃப்ட்தான்.

அடியில் இருக்கும் கண்ணீர்தான் சூட்சுமம்

இந்தக் குறிப்பில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சொரசொரப்பான பாறை மேல் ஈர வேட்டியை விரித்தால் பாறையின் மேடுபள்ளம் அப்படியே வேட்டியிலும் எழும்பி நிற்கும். சாஃப்ட் லென்ஸ் இப்படித்தான். சுமார் 14 மி.மீ. அகலத்தில் கார்னியாவையும் தாண்டி வெள்ளை விழி வரை படிந்து உட்கார்ந்துவிடும். கார்னியாவின் வடிவம் எதுவோ அதுவே லென்ஸின் மேற்புற வடிவமும். வெறும் தூரப் பார்வைப் பவர் மட்டும் என்றால் இதில் ஒரு சிக்கலும் இல்லை.

ஹார்டு லென்ஸ் 9 அல்லது 10 மி.மீ.தான். வளையாது. தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் கண்ணீர் மேல் மிதக்கும். லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே உள்ள மேடுபள்ளங்களைக் கண்ணீர் நிரப்பிவிடும்.

நிரப்பினால் என்ன ஆகும்? பாத்ரூம் ஜன்னலில் இருக்கும் சொரசொரப்பான கண்ணாடியைப் பாருங்கள். வெளியே இருப்பது எதுவும் தெரியாது. சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீரைத் தடவினால் சட்டென்று வெளியே தெரியும். கண்ணாடி மாறவில்லை. பள்ளங்களில் காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது. தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைக்கும் அளவில் காற்றைவிட நெருக்கம் என்பதால் சொரசொரப்பு ஒளிக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

கண்ணிலும் அதே கணக்கு. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, கண்ணீருக்கு 1.336, கார்னியாவுக்கு 1.376. காற்றுக்கும் கார்னியாவுக்கும் வித்தியாசம் 0.376. கண்ணீருக்கும் கார்னியாவுக்கும் வெறும் 0.040. அதாவது கார்னியாவின் முன்பக்கக் கோணல்களின் விளைவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒளியைப் பொறுத்தவரை முன்பக்கம் என்பது இனி லென்ஸின் வழுவழுப்பான மேற்பரப்புதான். கோணலான கார்னியா தண்ணீருக்கு அடியில் ஒளிந்துகொண்டுவிட்டது.

அதனால்தான் கண்ணாடி போட்டும், சாஃப்ட் போட்டும் தெளியாத என் இடது கண், முதல் முறை ஹார்டு லென்ஸ் வைத்ததும் போர்டில் நாலு வரி கீழே இறங்கிப் படித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உறுத்தல் தாங்கவில்லை, ஆனாலும் சுவரில் இருந்த காலண்டரில் நல்ல நேரம் வரை படிக்க முடிந்தது. நாலு வருடமாக "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியென்றால் சிலிண்டர் பவர் இருந்தாலே ஹார்டுதானா? இல்லை. கோணல் ஒழுங்காக இருந்தால், அதாவது ஒரு திசையில் கூடுதல் வளைவு, செங்குத்தான திசையில் குறைவு என்று சமச்சீராக இருந்தால், அதற்கு டோரிக் சாஃப்ட் லென்ஸ் உண்டு. அது கண்ணில் சுழலாமல் நிற்க வேண்டும். 10 டிகிரி திரும்பிவிட்டால் சிலிண்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு திருத்தம் வீண். 1.50 பவருக்கு இது அரை புள்ளிதான், சமாளித்துவிடலாம். 4.00 பவருக்கு அது 1.40, எரிச்சலாக இருக்கும். இன்னொன்று: சிலருக்குக் கோணல் கார்னியாவில் இருக்காது, உள்ளே இருக்கும் லென்ஸில் இருக்கும். அவர்களுக்குச் சாதாரண ஹார்டு லென்ஸின் கண்ணீர் வித்தை பலிக்காது. டோரிக் சாஃப்ட்தான் நல்லது. இதையெல்லாம் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"செமி சாஃப்ட்" என்ற குழப்பம்

நம்மூர் கடைகளில் "செமி சாஃப்ட்" என்று ஒரு பெயர் கேட்டிருப்பீர்கள். ஹார்டுக்கும் சாஃப்ட்டுக்கும் நடுவில் மெத்தென்று ஏதோ இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் வளையாத லென்ஸ்தான். ஆர்.ஜி.பி. என்பார்கள், ஆக்சிஜனை விடும் கெட்டி லென்ஸ். பழைய பி.எம்.எம்.ஏ.யில் சிலிக்கானைச் சேர்த்து ஆக்சிஜன் போகிற மாதிரி 1970களில் உருவாக்கினார்கள். இன்று யாராவது ஹார்டு லென்ஸ் போடுகிறேன் என்றால் அநேகமாக இதைத்தான் சொல்கிறார்கள். இந்தக் குறிப்பில் நான் ஹார்டு என்று சொல்வதும் இதைத்தான்.

பொருள் எவ்வளவு ஆக்சிஜனை விடுகிறது என்பதை டிகே என்ற எண்ணால் சொல்வார்கள். பி.எம்.எம்.ஏ.க்கு அது பூஜ்யத்துக்கு அருகில். விக்டெர்லேயின் பழைய சாஃப்ட் பொருளுக்கு 10க்கும் கீழே. ஆர்.ஜி.பி.க்கு 30லிருந்து 100க்கும் மேல் வரை. 1990களின் கடைசியில் வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல் சாஃப்ட் லென்ஸ்களும் 60, 100, அதற்கு மேலும் போகின்றன. ஆக "ஹார்டு என்றால் மூச்சு விடாது, சாஃப்ட் என்றால் மூச்சு விடும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. இரண்டிலும் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. வாங்கும்போது பொருளின் பெயரையும் டிகே அளவையும் கேளுங்கள், டப்பாவின் நிறத்தைப் பார்க்காதீர்கள்.

உறுத்தல்: எங்கிருந்து வருகிறது?

ஹார்டு லென்ஸ் உறுத்துவது அது கெட்டியாக இருப்பதால் என்றுதான் நானும் நினைத்தேன். பெரும்பாலும் உறுத்துவது லென்ஸின் விளிம்பு, இமை ஒவ்வொரு முறை மேலே ஏறி இறங்கும்போது அதில் இடறுவதால். கீழே பார்த்தால் உறுத்தல் குறையும், இமை அசைவது குறைவு என்பதால். சாஃப்ட் லென்ஸின் விளிம்பு இமைக்கு அடியில் போய்விடுகிறது, அதனால் இடறல் இல்லை.

இதற்குச் சாட்சி ஸ்கிளெரல் லென்ஸ். அதுவும் கெட்டிதான். ஆனால் 15 மி.மீ.க்கும் மேல் பெரிதாக, கார்னியாவைத் தொடாமல் தாண்டி, உணர்ச்சி குறைந்த வெள்ளை விழியில் உட்காரும். உள்ளே சலைன் ஊற்றிப் போட வேண்டும். கிட்டத்தட்ட சாஃப்ட் மாதிரிதான் இருக்கும் என்று போட்டவர்கள் சொல்கிறார்கள். விலைதான் கெட்டி.

சாஃப்ட் முதல் நாளே பழகிவிடும். ஹார்டுக்கு இரண்டு முதல் நாலு வாரம் வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பத்து நாள் போடாமல் விட்டால் திரும்பவும் கொஞ்சம் பழக்க வேண்டும். கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் போட நினைப்பவருக்கு ஹார்டு சரிப்படாது.

அன்றாடத்தில் வேறு வித்தியாசங்களும் உண்டு. பைக்கில் போகும்போது ஹார்டு லென்ஸ் அடியில் ஒரு தூசி புகுந்தால் உயிர் போய்விடும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. நான் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்காமல் கிளம்புவதே இல்லை. சாஃப்ட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. விளையாடுகிறவர்களுக்கும் சாஃப்ட்தான், ஹார்டு சிறியது, இடித்தால் தெறித்துவிடும். மாறாக, ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன் பத்து மணி நேரம் உட்காருகிறவர்களுக்கு, இமைப்பது குறைவதால், தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் சாஃப்ட் லென்ஸ் சாயங்காலத்துக்குள் காய்ந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகும். ஹார்டில் உறிஞ்சிய தண்ணீர் இல்லை, காய்வதற்கும் அதிகமில்லை.

கிருமி: எண்களோடு கொஞ்சம் பேசலாம்

வீட்டுப் பெரியவர்கள் "லென்ஸ் போட்டா கண்ணு போயிடும்" என்பார்கள். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்னியாவில் கிருமிப் புண் வருவது, வருடத்துக்கு 10,000 பேரில், பகலில் மட்டும் ஹார்டு போடுகிறவர்களில் சுமார் 1.2. பகலில் மட்டும் வழக்கமான சாஃப்ட் போடுகிறவர்களில் 1.9. சாஃப்ட் லென்ஸோடு தூங்குகிறவர்களில் 19.5. ஆக்சிஜன் அதிகம் விடும் சிலிக்கான் ஹைட்ரோஜெல்லோடு தூங்குகிறவர்களில் 25.4.

கவனித்தீர்களா? பகலில் போடும் ஹார்டுக்கும் வழக்கமான சாஃப்ட்டுக்கும் வித்தியாசம் சின்னது. தூங்குவதற்கும் தூங்காததற்கும்தான் பத்து மடங்கு. அதிக ஆக்சிஜன் கூட தூங்குகிறவரைக் காப்பாற்றவில்லை. எந்த லென்ஸை வாங்குகிறோம் என்பதைவிட ராத்திரி அதைக் கழற்றுகிறோமா என்பதுதான் பெரிய விஷயம்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸோடு சேர்ந்து கார்னியாவுக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து ஊற்றினாலும் லேசில் போகாது. அதனால் லென்ஸையோ கேஸையோ குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. பழைய ஆட்கள் ஹார்டு லென்ஸைக் குழாயில் கழுவுவார்கள், அதுவும் தப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். நேற்றைய சொல்யூஷன் மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புகிற சிக்கனமும் வேண்டாம்.

தண்ணீர், கேஸ், சொல்யூஷன் என்ற தலைவலியைப் பெருமளவு தவிர்க்க ஒரு வழி, ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடும் சாஃப்ட் லென்ஸ். வசதி அதிகம், செலவும் அதிகம். இரண்டு கண்ணுக்கும் தினமும் என்றால் வருடத்துக்கு 730 லென்ஸ். மாத லென்ஸ் என்றால் 24. ஹார்டு ஒரு ஜோடி, உடையாமல் தொலையாமல் பார்த்துக்கொண்டால், ஒன்றிரண்டு வருடம் வரும். வாஷ்பேசின் ஓட்டையை அடைக்காமல் ஹார்டு லென்ஸைக் கழற்றுகிறவர் மட்டும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். நான் அப்படி இரண்டு தொலைத்திருக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்

அவளுக்கு நான் எழுதி அனுப்பியது இந்த ஐந்தும்தான்.

1. பழைய பவர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போ. சிலிண்டரோ ஆக்ஸிஸோ ஒவ்வொரு தடவையும் மாறியிருந்தால் லென்ஸ் பேச்சுக்கு முன்னால் டோபோகிராபி கேள். ஏற்கனவே லென்ஸ் போடுகிறவர் என்றால் ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லென்ஸே கார்னியாவைக் கொஞ்சம் வளைத்துவிடும்.

2. புதுக் கண்ணாடி போட்டும் கடைசி வரிகளைப் படிக்க முடியவில்லையா? ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் விளக்குக்கு வாலோ, எழுத்துக்கு நிழலோ தெரிகிறதா? அதைச் சொல். "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லாதே.

3. கண் அரிக்கிறதா, கசக்குகிறாயா? கசக்குவதற்கும் கெரட்டோகோனஸுக்கும் தொடர்பு உண்டு. அலர்ஜிக்கு டிராப்ஸ் வாங்கிக் கசக்குவதை நிறுத்து. லென்ஸ் அப்புறம்.

4. கண்ணாடிப் பவர் சீட்டை வைத்து நேரே லென்ஸ் வாங்காதே. கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது. மைனஸ் 8 கண்ணாடிக்கு லென்ஸ் சுமார் மைனஸ் 7.25. வளைவும் அகலமும் வேறு அளக்க வேண்டும்.

5. பவர் ஒழுங்காக, நிலையாக இருந்தால் உன் பழக்கத்தை வைத்து முடிவு செய். எப்போதாவது போட, விளையாட, வெளியே சுற்ற: சாஃப்ட். சிலிண்டர் அதிகம், தினமும் நாள் முழுக்கப் போட வேண்டும், பார்வை துல்லியமாக வேண்டும், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள முடியும்: ஹார்டு. கார்னியா கோணல்: ஹார்டு அல்லது ஸ்கிளெரல், அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான்.

கெரட்டோகோனஸ் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஹார்டு லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது. ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டி, கார்னியாவின் இழைகளை இறுக்குவார்கள். நம்மூரில் சி-3-ஆர் என்று சொன்னால் தெரியும். வழக்கமான முறையில் செய்ய கார்னியாவின் தடிமன் 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். எனக்கு இடது கண்ணில் 432 இருந்தது. தப்பித்தேன். இன்னும் ஒரு வருடம் சாஃப்ட் பவரை மாற்றிக்கொண்டே ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கலாம். பத்தொன்பதில் கண்டுபிடித்திருந்தால் கார்னியா தடிமனாக இருக்கும்போதே நிறுத்தியிருக்கலாம். இந்த நோய் பொதுவாக பதின்வயதில் தொடங்கி முப்பதுகள் வரை வளரும். அதாவது கண்ணாடியைத் தூக்கிப் போட ஆசை வரும் அதே வயதுதான்.

தங்கை டோபோகிராபி எடுத்து, படத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். கார்னியாவின் செங்குத்தான பகுதிகள் சிவப்பாகத் தெரியும் வண்ணப் படம் அது. என் இடது கண்ணின் படத்தில் கீழ்ப்பாதி மட்டும் சிவந்து கிடக்கும். அவளுடையதில் மேலும் கீழும் சமமாக, நிற்க வைத்த உடுக்கை மாதிரி இருந்தது. ஒழுங்கான சிலிண்டர், 1.75. கூடவே அலர்ஜி, அதற்கு டிராப்ஸ். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பவர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தினசரி டோரிக் சாஃப்ட் லென்ஸ் வாங்கியிருக்கிறாள். கடைசியில் நான் போனில் சொன்ன அதே பதில்தான். ஆனால் அன்று நான் சொன்னது அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னது.

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன். "அண்ணா, கழட்ட வரல. அப்படியே தூங்கிடவா?"

"தூங்கக் கூடாது. கைய சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடச்சுட்டு வா. லைன்லயே இருக்கேன்."